இரண்டு ரயரா, நான்கு ரயரா? ஸ்காபரோ வாசகிக்கு ஒரு பதில்

ஸ்காபரோவிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களைத் தவிர்த்து, சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவர், இரண்டு பிள்ளைகளோடு பேஸ்மென்ற் வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறார். ஏஜாக்ஸில் உள்ள முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் பி.எஸ்.டபிள்யூ. (முதியோரைப் பராமரிக்கும் உதவியாளர்) வேலை. ஏழு மணி ஷிஃப்ற் என்பதால் விடிய ஆறு மணிக்கு முன்னமே 401 நெடுஞ்சாலையில் ஏறியாக வேண்டும். கார் 2015 ஹொண்டா ஃபிட். பாவித்த காராக வாங்கியது. வாங்கும்போது கிடந்த ஓல் சீசன் ரயர்களிலேயே இதுவரை ஓடுகிறது. போன கிழமை 401இலிருந்து இறங்கும் வளைவில் பிரேக்கை மிதித்தபோது பெடல் காலடியில் கடகடவென்று அதிர்ந்திருக்கிறது. கார் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் ஓரத்தில் ஒதுக்கிவிட்டிருந்த ஸ்னோ குவியலில் முட்டித்தான் நின்றிருக்கிறது. ஆளுக்கும் காருக்கும் சேதமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வளைவு வரும்போதெல்லாம் கை நடுங்குகிறது என்கிறார்.

கராஜில் அளந்து பார்த்ததில் முன் ரயர்களில் 3 மில்லிமீற்றர், பின் ரயர்களில் 5 மில்லிமீற்றர் தவாளிப்பு, அதாவது ரயரின் பள்ள ஆழம், மிச்சம். அவர்கள் மூன்று விலை சொல்லியிருக்கிறார்கள்: முன்னுக்கு மட்டும் புதிய ஓல் சீசன் இரண்டு 310 டொலர்; குளிருக்கும் கோடைக்கும் சேர்த்துச் செய்த ஓல் வெதர் நான்கு 780 டொலர்; இரும்பு றிம்மோடு வின்ரர் ரயர் நான்கு 1,120 டொலர். எல்லாம் வரிக்கு முன். இடையில் கணவரின் தம்பி சில யோசனைகள் சொல்லியிருக்கிறார். "முன் சில்லுதான் இழுக்கிறது, முன்னுக்கு மட்டும் மாத்தினால் காணும்." "எம் பிளஸ் எஸ் என்று அடிச்சிருந்தால் அது வின்ரர் ரயர்தான், மொன்றியலுக்குப் போனாலும் பொலிஸ் ஒன்றும் செய்யாது." "ஸ்னோ கொட்டினால் காற்றைக் கொஞ்சம் இறக்கி விடுங்கோ, பிடிமானம் கூடும்." கடைசியாக, அவருடைய நண்பர் ஒருவர் 195/65 ஆர் 15 அளவில் பாவித்த வின்ரர் ரயர் நான்கை 200 டொலருக்குத் தருகிறாராம், "உங்களுடையதும் பதினைந்து இஞ்சிதானே." கணவர் குளிர்காலத்தில் இரண்டொரு தடவை மொன்றியலில் இருக்கும் அக்கா வீட்டுக்கு இதே காரில்தான் போய் வருவார். வீட்டுக்காரர் கராஜைப் பாவிக்க விடுவதில்லை, நான்கு ரயர் அடுக்கி வைக்க வேறு இடமும் இல்லை. "எங்கள் காசு நிலைமையையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, காரணங்களைப் பிறகு சொல்கிறேன், முதலில் முடிவு. முன்னுக்கு மட்டும் இரண்டு ரயர் வாங்காதீர்கள். அந்த 200 டொலர் ரயர்களைக் கையாலும் தொடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் நிலைமையில் நான் தெரிவு செய்வது, பக்கச் சுவரில் மலை முத்திரை (கீழே விளக்குகிறேன்) உள்ள ஓல் வெதர் ரயர் நான்கு. வின்ரர் ரயர் இதைவிடத் திறமானது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஏன் இதைச் சொல்கிறேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். வாசித்த பின் நீங்களும் கணவரும் வேறு முடிவு எடுத்தாலும் அது விளங்கி எடுத்த முடிவாக இருக்கும்.

அந்த வளைவில் என்ன நடந்தது

உங்கள் பிரேக்கில் கோளாறு இல்லை. பெடல் அதிர்ந்தது, சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்ததால். சில்லு பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங் கேளாது. அதனால் அது விட்டு விட்டுப் பிடிக்கிறது. காரைத் திருப்பும் வசதியை உங்கள் கையில் வைத்திருப்பதுதான் அதன் வேலை. ஐஸில் நிற்கும் தூரத்தைக் குறைப்பது அதனால் ஆகாது. நிலத்தைப் பிடிப்பது ரயர் ஒன்று மட்டும்தான். இனிமேல் அப்படி நடந்தால் பெடலை விட்டுவிடாமல் அழுத்திப் பிடித்தபடி, போக வேண்டிய பக்கம் பார்த்து மெல்லத் திருப்புங்கள். இறங்கும் வளைவுகளும் பாலங்களும் மற்ற வீதியைவிட முந்தி உறையும், உப்புப் போட்டிருந்தாலும்.

அன்று உங்கள் ரயர் இரண்டு விதத்தில் கைவிட்டிருக்கிறது. ஒன்று, றப்பர். சாதாரண ஓல் சீசன் ரயரின் றப்பர் வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போகப் போக இறுகும். ஊரில் போத்தலில் இருக்கும் தேங்காயெண்ணெய் இங்கே குசினி அலுமாரியில் கட்டியாகிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாமான் அதேதான், குளிர் அதன் குணத்தை மாற்றிவிடுகிறது. வின்ரர் ரயரிலும் ஓல் வெதர் ரயரிலும் சேர்க்கும் கலவை வேறு. உறைநிலைக்குக் கீழும் அது இளகலாகவே இருந்து, நிலத்தில் உள்ள சின்னச் சின்ன மேடு பள்ளங்களில் படிந்து பிடிக்கும்.

இரண்டாவது, தவாளிப்பு. ஒரு புது ரயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வடிவாகப் பாருங்கள். பெரிய பள்ளங்களைத் தவிர, ஒவ்வொரு றப்பர் கட்டியிலும் பிளேட்டால் கீறியதுபோல் நெளிநெளியாக மெல்லிய வெட்டுகள் இருக்கும். ஸ்னோவைக் கவ்வுவது பெரும்பாலும் அந்த வெட்டுகளின் விளிம்புகள்தான். அவை அனேகமான ரயர்களில் அடிவரை போவதில்லை. ரயர் பாதி தேயும்போது பள்ளம் இருக்கும், வெட்டுகள் பலது மறைந்துவிடும். அதனால்தான் கனேடிய போக்குவரத்து அமைச்சு, 4 மில்லிமீற்றரை நெருங்கித் தேய்ந்த ரயரை ஸ்னோ மூடிய வீதியில் பாவிக்க வேண்டாம் என்கிறது. பள்ளத்துக்குள் குறுக்கே சின்னத் திட்டாகத் தெரியும் தேய்மான அடையாளம் வருவது 1.6 மில்லிமீற்றரில். "அடையாளம் இன்னும் தெரியவில்லை, ரயர் நல்லது" என்று பலர் நினைப்பது இதனால் வரும் பிழை. யூலை மாத மழைக்கே அது பிந்திய எச்சரிக்கை. உங்கள் முன் ரயர்களில் இருப்பது 3. இந்தக் குளிருக்கு அவை முடிந்துவிட்டன.

வீட்டிலேயே பார்க்க வேண்டுமென்றால் ஒரு ரூனியை, அதாவது இரண்டு டொலர் குற்றியை, எடுத்து, விளிம்பு கீழே இருக்க, பள்ளத்துக்குள் நிமிர்த்தி விடுங்கள். அதன் வெள்ளி வளையம் சுமார் ஐந்தரை மில்லிமீற்றர் அகலம். வளையத்தில் கால்வாசிக்கு மேல் வெளியே தெரிந்தால் 4 மில்லிமீற்றர் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். உள் விளிம்பு, நடு, வெளி விளிம்பு என்று மூன்று இடத்தில் பாருங்கள். உள் விளிம்பு மட்டும் கூடத் தேய்ந்திருந்தால் எலைன்மென்ற் (சில்லுகள் நிற்கும் கோணம்) பிழை. அதைத் திருத்தாமல் புது ரயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

எந்த முத்திரையைத் தேடுவது

உங்கள் மைத்துனர் சொல்வதில் இங்கேதான் பெரிய குழப்பம், அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எம் பிளஸ் எஸ் என்பது சேற்றுக்கும் ஸ்னோவுக்கும் ஏற்ற பள்ள வடிவம் என்று தயாரிப்பாளர் தானே அடித்துக்கொள்ளும் அடையாளம். பள்ளங்கள் எவ்வளவு இடம் பிடிக்கின்றன, எந்தப் பக்கம் திறந்திருக்கின்றன என்ற வடிவக் கணக்கு அது. ஸ்னோவில் ஓட்டிப் பார்த்துக் கொடுக்கும் சான்றிதழ் இல்லை. உங்கள் பழைய ரயரிலும் அது இருக்கும், போய்ப் பாருங்கள்.

நீங்கள் தேட வேண்டியது வேறு: மூன்று முகடு உள்ள ஒரு மலை, அதற்குள் ஒரு பனித்துகள். 1999இல் அமெரிக்க, கனேடிய றப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் கொண்டுவந்த முத்திரை. இறுகிய ஸ்னோவில் ஓட்டி, ஒரு மாதிரி ரயரோடு ஒப்பிட்டு, குறைந்தது பத்து வீதம் கூடிய இழுவை காட்டினால்தான் அதைப் பொறிக்கலாம். எல்லா வின்ரர் ரயரிலும் இருக்கும், உண்மையான ஓல் வெதர் ரயரிலும் இருக்கும். சாதாரண ஓல் சீசனில் இராது. கடைக்காரர்கள் ஓல் சீசனையும் ஓல் வெதரையும் மாறி மாறிச் சொல்வார்கள், விளம்பரங்களும் அப்படித்தான். பெயரை விடுங்கள், முத்திரையைக் கண்ணால் பாருங்கள்.

இந்த முத்திரைக்கும் ஓர் எல்லை உண்டு. இங்கே அதற்கான சோதனை இறுகிய ஸ்னோவில் இழுத்துக்கொண்டு புறப்படும் வலுவை அளப்பது. ஐஸில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று அது சொல்லாது. ஒரே முத்திரை இருந்தாலும், ஐஸில் நிறுத்துவதில் நல்ல வின்ரர் ரயர் ஓல் வெதரை முந்தும்.

பக்கச் சுவரில் கிடக்கும் மற்ற எழுத்துகளில் உங்களுக்குத் தேவையானவை சிலதுதான். கதவைத் திறந்தால் சாரதிப் பக்கத் தூணில் ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். உங்கள் ஃபிட் பதினைந்து இஞ்சிக்காரன் என்பதால் அதில் 185/60 ஆர் 15 84 ரி என்று போட்டிருக்க வேண்டும். 185 அகலம் மில்லிமீற்றரில். 60 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை வீதம் என்பது. 84 என்றால் ஒரு ரயர் 500 கிலோ தாங்கும். ரி என்றால் மணிக்கு 190 கிலோமீற்றர் வரை தாக்குப்பிடிக்கும். 84ஐவிடக் குறைந்த ரயர் வாங்கக் கூடாது. 185/60 ஆர் 15 இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, அதுவும் ஜனவரியில். இல்லையென்றால் 175/65 ஆர் 15 84 ரி இருக்கிறதா என்று கேளுங்கள். சுற்றளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், அந்த றிம்முக்கும் பொருந்தும், கொஞ்சம் ஒடுக்கமாக இருப்பது ஸ்னோவுக்கு நல்லதும்கூட.

தேய்மானத் தரம் என்று 500, 600, 700 போன்ற இலக்கங்களைக் காட்டி யாராவது விற்க வந்தால் மயங்காதீர்கள். அது ரயர் எவ்வளவு காலம் ஓடும் என்பதற்குத் தயாரிப்பாளரே போடும் மதிப்பு. பக்கத்தில் உள்ள ஏ, பி எழுத்து நனைந்த வீதியில் நேராக நிற்பதைப் பற்றியது. ஸ்னோவைப் பற்றி இரண்டும் வாய் திறக்காது.

இரண்டு ஏன் போதாது

முன் சில்லு இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கின் பெரும்பங்கையும் சுமக்கிறது. ஆகவே நல்ல ரயர் முன்னுக்குத்தான் என்பது கேட்க நியாயமாகவே இருக்கிறது. கராஜுக்கு வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் முன்பக்கம் பிடித்து, பின்பக்கம் பிடிக்காவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். அதே வளைவில் பிரேக் பிடிக்கிறீர்கள். மூக்கு நிற்கப் பார்க்கிறது, வால் நிற்கவில்லை. வால் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வரும். முன் சில்லு வழுக்கினால் கார் நேரே போகப் பார்க்கும்; வேகத்தைக் குறைத்தால் பலதடவை திரும்பப் பிடித்துவிடும். வால் சுற்றத் தொடங்கினால் நெடுங்காலம் ஓட்டியவர்களுக்கே மீட்பது கஷ்டம். முன்சில்லு இழுக்கும் காரானாலும் புது ரயர் இரண்டு வாங்கினால் பின்னுக்குப் போடச் சொல்வது இதற்காகத்தான். உங்கள் காரில் எலெக்ரோனிக் நிலைப்படுத்தி இருக்கிறது, 2011 செப்ரெம்பருக்குப் பின் கனடாவுக்காகத் தயாரான எல்லாக் காரிலும் கட்டாயம். அதற்கும் பிடிக்க ஒரு ரயர் வேண்டும்.

சரி, பின்னுக்கு இரண்டு புது ஓல் சீசன் போட்டு, பின்னால் இருந்த 5 மில்லிமீற்றர் ரயர்களை முன்னுக்குக் கொண்டுவரலாமா? ஏப்ரல் மாதம் இதைக் கேட்டிருந்தால் ஆம் என்றிருப்பேன். இப்போது அது 310 டொலர் கொடுத்து அதே இறுகும் றப்பரை வாங்குவது. முன்னுக்கு வந்த அந்தப் பழைய இரண்டும் வருகிற குளிருக்கு முன் 4க்கு இறங்கிவிடும், திரும்பவும் இரண்டு வாங்க வேண்டும். ஓல் வெதர் இரண்டு, பழைய ஓல் சீசன் இரண்டு என்று கலப்பதும் வேண்டாம். குளிரில் இரண்டும் இரண்டு விதமாகப் பிடிக்கும்.

முன்னுக்கு 3, பின்னுக்கு 5 என்று வந்ததே, இடைக்கிடை ரயர்களை இடம் மாற்றாததால். ஒவ்வொரு 8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றச் சொல்லுங்கள். ஒயில் மாற்றப் போகும்போதே செய்துவிடலாம்.

780ஆ, 1,120ஆ

1,120 டொலர் விலையில் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. அந்த வின்ரர் ரயர்களை ஏப்ரலில் கழற்ற வேண்டும். வெயிலில் ஓடினால் கெதியாகத் தேயும், சூடான ஈர வீதியில் நிற்க அதிக தூரம் எடுக்கும். கழற்றினால் எதைப் போடுவீர்கள்? இந்த 3 மில்லிமீற்றர் ரயரைத் திரும்பப் போட்டு எத்தனை மாதம்? கோடைக்கும் புதிதாக வேண்டும், உங்கள் கராஜ் சொன்ன விலையில் நான்குக்கு இன்னும் 620. ஆக 1,740, அதன் மேல் 13 வீத வரி. ஓல் வெதர் நான்கு வரியோடு 881 டொலர்.

இன்னொரு பக்கமும் உண்டு. எட்டு ரயர் வாங்கினால் ஒவ்வொன்றும் வருடத்தில் பாதிதான் ஓடும், ஆகவே கூடக்காலம் இருக்கும். நீண்ட கணக்கில் "இரண்டு செட் என்றால் இரட்டிப்புச் செலவு" என்பது சரியில்லை. ஓல் வெதர் பன்னிரண்டு மாதமும் தேயும், அதுவும் 4 மில்லிமீற்றரோடு அதன் குளிர்காலம் முடிந்துவிடும். ஆகவே விளம்பரத்தில் போடும் கிலோமீற்றர் உத்தரவாதத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஏஜாக்ஸ் போய்வரும் உங்கள் ஓட்டத்துக்கு மூன்று குளிர்காலம் நன்றாகப் போனால் கொடுத்த காசுக்குச் சரி என்பேன். அதற்குள் காரே எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டிய வயது அதற்கு வந்துவிடும்.

இடப் பிரச்சினையும் சின்னதல்ல. ரயர் கடைகள் பருவத்துக்கு இவ்வளவு என்று வாங்கி வைத்துத் தரும். அந்தக் காசு, வருடத்தில் இரண்டுதரம் மாற்றும் கூலி, அதற்காக ஒரு ஷிஃப்ற் விடுவது என்று எல்லாம் சேரும். நவம்பரில் முதல் ஸ்னோ விழுந்த அன்றுதான் முழு ஸ்காபரோவும் ரயர் மாற்ற வரும். அன்று உங்களுக்கு நேரம் கிடைக்காது, அன்றுதான் உங்களுக்குத் தேவையும். ஓல் வெதர் ஏற்கெனவே காரில் கிடக்கும்.

நீங்கள் வடக்கே பறி (Barrie) நகர்ப் பக்கமோ பீற்றர்பறோ பக்கமோ வேலைக்குப் போவதாக எழுதியிருந்தால் என் பதில் வின்ரர் ரயர்தான், கடன் வாங்கியாவது. ஜோர்ஜியன் குடாவிலிருந்து வரும் காற்று 400 நெடுஞ்சாலையில் கொட்டும் ஸ்னோ வேறு ரகம். கணவரின் மொன்றியல் பயணம் மாதத்துக்கு ஒருக்கால் என்றானாலும் அப்படியே சொல்லியிருப்பேன். இரண்டொரு தடவை என்றால் நாளைப் பார்த்துப் போகலாம். கிங்ஸ்டனுக்கு அப்பால் உறைமழை எச்சரிக்கை வந்தால் அக்காவிடம் சொல்லி ஒரு நாள் பிந்திப் போகட்டும். உறைமழைக்கு எந்த ரயரும் மருந்தில்லை.

780 டொலருக்கு எந்த ரயர் என்று நீங்கள் எழுதவில்லை. கட்டாயம் கேளுங்கள். மிஷலின் குரொஸ்கிளைமேற் 2, நோக்கியன் டபிள்யூ.ஆர். வரிசை, ரோயோ செல்சியஸ், ஃபயர்ஸ்ரோன் வெதர்கிறிப், குட்இயர் அஷூரன்ஸ் வெதர்ரெடி எல்லாம் மலை முத்திரை உள்ளவை. உங்கள் அளவில் எல்லாமே வராது. கேள்விப்படாத பெயரென்றால் முத்திரையையும் தயாரித்த திகதியையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அந்த 200 டொலர் ரயர்கள்

"பதினைந்து இஞ்சிதானே" என்பது றிம்முக்குச் சரி, ரயருக்குச் சரியில்லை. 195/65 ஆர் 15 உங்கள் ரயரைவிட மூன்று சென்ரிமீற்றர் உயரம், ஐந்து வீதம் பெரிது. சில்லு முழுதாகத் திரும்பும்போது உள்ளே உரசலாம், இடுக்கில் ஸ்னோ இறுகினால் நிச்சயம் உரசும். மீற்றரில் 100 காட்டும்போது நீங்கள் ஓடுவது 105. பொலிஸ்காரருக்கு இதைச் சொல்லித் தப்ப முடியாது.

அளவு பொருந்தினாலும் பாவித்த ரயரில் வயதைப் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் டி.ஓ.ரி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்: 3817 என்றால் 2017இன் 38ஆவது கிழமையில் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் றப்பர் வருடத்தோடு காய்ந்து இறுகும். பத்து வருடத்துக்கு மேல் எந்த ரயரையும் ஓட்ட வேண்டாம் என்பது பல தயாரிப்பாளர்களின் அறிவுரை. வின்ரர் ரயர் அதற்கு வெகு முன்பே தன் இளகலை இழந்துவிடும்.

காற்றை இறக்குவது

வேண்டாம். மணலிலோ ஆழ ஸ்னோவிலோ புதைந்த ஜீப்பை வெளியே எடுக்கச் செய்வதை 401இல் செய்யக் கூடாது. காற்றுக் குறைந்த ரயரின் சுவர் மடிந்து சூடேறும், திருப்பும்போது கார் பிந்திக் கேட்கும், வெட்டுகளின் வாய் மூடிக்கொள்ளும். குளிர் தானாகவே காற்றை இறக்குகிறது: ஐந்தாறு பாகை குறைய ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) போகும். 15 பாகையில் 33 வைத்திருந்தால் மைனஸ் 15 விடியலில் அது 28. ஆகவே மாதம் ஒருக்கால், கார் இரவு முழுக்க வெளியில் நின்ற பிறகு, ஓடுவதற்கு முன் பாருங்கள். எவ்வளவு வேண்டுமென்பது கதவுத் தூணில் இருக்கிறது. ரயரில் எழுதியிருப்பது அந்த ரயருக்கான உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள்.

கியூபெக், காப்புறுதி, பில்

மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம், மீறினால் 200 முதல் 300 டொலர் தண்டம். 2014 டிசெம்பரிலிருந்து அங்கே எம் பிளஸ் எஸ் மட்டும் செல்லாது, மலை முத்திரை வேண்டும். மைத்துனர் சொன்னது அந்த வகையில் பிழை. ஆனால் அந்தச் சட்டம் கியூபெக்கில் பதிந்த வாகனங்களுக்கானது. ஒன்ராறியோ தகட்டோடு அக்கா வீட்டுக்குப் போய்வருபவருக்கு அதன்கீழ் தண்டம் இல்லை. பொலிஸ் பிடிக்காது என்று அவர் சொன்னது, காரணம் பிழையாக இருந்தாலும், விஷயம் சரி. ஒன்ராறியோவின் எங்கள் பகுதியில் வின்ரர் ரயர் கட்டாயமில்லை. ஆனால் மொட்டையாகத் தேய்ந்த ரயரோடு ஓடுவது இங்கேயும் குற்றம்.

2016 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் எல்லாக் காப்புறுதி நிறுவனமும் வின்ரர் ரயருக்குக் கழிவு கொடுத்தாக வேண்டும். எவ்வளவு என்பது அவர்களைப் பொறுத்தது. பெரிய தொகை இல்லை, வருடாவருடம் வருவதால் விடவும் கூடாது. மலை முத்திரை உள்ள ஓல் வெதரைப் பல நிறுவனங்கள் ஏற்கின்றன. வாங்குவதற்கு முன் உங்கள் புரோக்கரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் நான்கு ரயர்தான் கணக்கு, இரண்டுக்குக் கழிவில்லை.

கராஜில் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள், நம்மவர் கடை என்றாலும். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கடைசி பில் அந்த மதிப்பீட்டைப் பத்து வீதத்துக்கு மேல் தாண்ட முடியாது. நீங்கள் சம்மதிக்காத வேலைக்குக் காசு கேட்க முடியாது. போட்ட புதுப் பொருளுக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை, உத்தரவாதம் உண்டு. 780இல் பூட்டுதல், பலன்ஸ் பண்ணுதல், புது வால்வு, பழைய ரயரை அகற்றும் கட்டணம் எல்லாம் அடங்குமா என்று மதிப்பீட்டிலேயே எழுதுவியுங்கள். சிலர் ரயர் விலையை மட்டும் சொல்லிவிட்டு, மேசையில் பில் வரும்போது மிச்சத்தை ஏற்றுவார்கள்.

இதை வருகிற சம்பளம் வரை தள்ளிப் போடாதீர்கள் என்று சொல்வது எனக்கு லேசு, வாடகை கட்டுவது நீங்கள். கராஜ் இரண்டு தவணைக்குச் சம்மதிக்குமா என்று கேட்டுப் பாருங்கள், பலர் சம்மதிப்பார்கள். அதுவரை ஸ்னோ விழும் நாட்களில் கூட வேலை செய்பவர் யாருடனாவது சேர்ந்து போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் இருபது நிமிடம் முந்தி வெளிக்கிட்டு, வலது பாதையில், முன்னால் போகும் வாகனத்துக்கு வழமையைப்போல் மூன்று மடங்கு இடம் விட்டு ஓடுங்கள். இறங்கும் வளைவுக்கு முன், நேரான வீதியிலேயே பிரேக்கைப் பிடித்து முடித்துவிடுங்கள்.

பூட்டும் அன்று அங்கேயே நின்று ஒன்றிரண்டைக் கவனியுங்கள். ஓல் வெதர் ரயர்கள் சிலதில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். நான்கும் முன்னோக்கிப் பார்க்கின்றனவா என்று சுற்றி வந்து பாருங்கள், அவசரத்தில் மாறிப் பூட்டுவது நடக்கிறது. சில்லு நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியோடு விட்டுவிடாமல் அளவு காட்டும் ரோர்க் சாவியால் இறுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஃபிட்டுக்கு 108 நியூற்றன் மீற்றர். நூறு கிலோமீற்றர் அளவில் ஓடிய பிறகு நட்டுகளை ஒருதரம் திரும்பச் சரிபார்க்க வேண்டும். உங்களுக்கு அது இரண்டு நாள் வேலைப் பயணம். ஷிஃப்ற் முடிந்து வரும் வழியில் அதே கராஜில் நிறுத்தினால் ஐந்து நிமிட வேலை, அனேகமாகக் காசு கேட்க மாட்டார்கள்.